முத்துக்குளித்துறை: பரதவர் வேதத்துல சேந்தது வெறும் ஒப்பந்தமா?

ஒரு தம்பி கேட்ட கேள்விய அப்படியே போடுறேன்:

"1535ல இருந்து 1537க்குள்ள தூத்துக்குடி பக்கத்து கடற்கரை ஊருங்கள்ல பரதவர் மொத்தமா கத்தோலிக்கரா மாறிட்டாங்கன்னு படிச்சேன். சுமார் 20,000 பேர்னு போட்டிருக்கு. ரெண்டு வருசத்துல அத்தன பேருக்கு எப்படி நம்பிக்கை வரும்? போர்த்துகீசியர்கூட போட்ட வியாபார ஒப்பந்தம்தானே இது? இத எதுக்கு மதம்னு சொல்லணும்?"

பிப்ரவரி 2, இரவு 11.10

பாதி சரி தம்பி, அந்தப் பாதிய முதல்ல ஒத்துக்கிடுதேன். நான் அந்தக் கரைல பொறந்து வளந்தவன், எங்க வீட்டுப் பேருக்குப் பின்னாலயும் ஒரு போர்த்துகீசியப் பேரு இருக்கு. சின்னப் பிள்ளைல இருந்து "சவேரியார் வந்தாரு, எல்லாரும் வேதத்துல சேந்தாங்க"ன்னுதான் கேட்டு வளந்தோம். ஆனா வருசத்த வச்சுப் பாருங்க, பிரான்சிஸ் சவேரியார்ங்கிற அந்த சேசு சபை (ஜெசுயிட்) பாதிரி கோவாவுல கால் வச்சதே 1542 மே மாசம். அதுக்கு அஞ்சு வருசம் முன்னாலயே இங்க ஞானஸ்நானம் முடிஞ்சுபோச்சு.

நடந்தது என்னன்னா, முத்துப் பார் யாரு கையில இருக்குங்கிற சண்டை. கடலுக்கு அடியில சிப்பி படிஞ்சு கிடக்குற பாறைத்திட்டத்தான் பார்னு சொல்லுவோம். குளிக்கத் தெரிஞ்சவங்க பரதவர், வரி குத்தகை எடுத்தவங்க காயல்ல இருந்த முஸ்லிம் வியாபாரிங்க. 1515 வாக்குல எழுதுன பர்போசாங்கிற போர்த்துகீசியர், காயல்ல ஒரு பெரிய பணக்கார முஸ்லிம் ரொம்ப வருசமா முத்து வரிய குத்தகைக்கு வச்சிருக்காருன்னு சொல்லியிருக்காரு. 1530கள்ல அது வெட்டுக்குத்தாப் போச்சு. பணியாரம் வித்துட்டு இருந்த பரதவப் பொண்ண ஒருத்தன் அவமானப்படுத்துனான், புருசங்காரன் கேக்கப் போனான், அவன் காத கடுக்கனோட அத்துட்டாங்க, இதுதான் எங்க தாத்தா சொன்ன கதை.

அந்த நேரத்துல உள்ள வர்ற ஆளு ஒரு குதிரை வியாபாரி. கள்ளிக்கோட்டை செட்டி வீட்டுப் பையன், 1513ல அந்த ஊரு ராஜா சாமூதிரி அனுப்பி லிஸ்பன் போனவரு, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி ஜோவாவ் த குரூஸ்னு பேரு வச்சுகிட்டு வந்தாரு. இவருதான் பட்டங்கட்டிமாருக்கு, அதாவது பரதவர் ஊர்த்தலைவருங்களுக்கு, யோசனை சொன்னாரு, போர்த்துகீசியர்கிட்ட போங்க, அவங்க வேதத்துல சேந்துக்கிடுங்க, கடல்ல உங்களத் தொட ஆள் இருக்காதுன்னு. கரைல இருந்து ஆளுங்க கொச்சி போனாங்க, முதல்ல கொஞ்சம் பேரு, பின்னால 70 பட்டங்கட்டிங்க. அங்கேயே தண்ணி ஊத்திகிட்டாங்க. 1536ல மிகுவேல் வாஸ்ங்கிற பெரிய பாதிரி சில பாதிரிமாரக் கூட்டிட்டு வந்து ஊரு ஊரா ஞானஸ்நானம் குடுத்தாரு. 1538ல மண்டபம் பக்கத்துல வேதாளைல போர்த்துகீசியக் கப்பல்படை முஸ்லிம் வியாபாரிங்களான மரைக்காயர் படைய அடிச்சு நொறுக்கிடுச்சு. முத்துப் பார் கைமாறுச்சு.

ஆக ஒப்பந்தம்தான். அதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. "வெறும்"ங்கிற வார்த்தையிலதான் எனக்குச் சண்டை. அத நாளைக்கு எழுதுதேன், காலைல வேலைக்குப் போகணும்.

பிப்ரவரி 3, மதியம் 1.25

நேத்து எழுதுன காது கதையப் பத்தி. காயல்பட்டினத்துல இருந்து ஒரு நண்பர் போன் பண்ணாரு, இருபது வருசப் பழக்கம். "அண்ணே, நீங்க சொல்றது உங்க பக்கத்துல மட்டும் எழுதி வச்ச கதை, சேசு சபைக்காரங்க பின்னால எழுதுனது. எங்க ஆளுங்க அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு யாரு எழுதி வச்சா?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. தாத்தா சொன்னாருங்கிறதுக்காக நான் எடுத்துப் போட்டுட்டேன். இனி அத எங்க பக்கத்துக் கதைன்னு மட்டும் படிங்க.

இன்னொன்னு, "முஸ்லிம் வியாபாரி"ன்னு எழுதுனத ஏதோ அரேபியால இருந்து வந்து ஆண்டவங்கன்னு யாரும் நினைச்சுடாதீங்க. மரைக்காயர்மாரு இதே கரைல, இதே தமிழ் பேசிட்டு, அதே மன்னார் வளைகுடாவுல தோணி விட்டவங்க. காயல்பட்டினத்துல இருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸுல ஒரு மணி நேரம் ஆவாது. அந்தச் சண்டைல ரெண்டு பக்கமும் ஒரே தண்ணியக் குடிச்சவங்கதான்.

பிப்ரவரி 3, இரவு 10.50

இப்ப "வெறும்" விசயத்துக்கு வாரேன்.

ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் காப்பாத்தணும். போர்த்துகீசியர் காப்பாத்துனாங்களா? 1544 ஜூன்ல தெலுங்கு பேசுற வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கம் கரைல புகுந்து அடிச்சுச்சு. சனங்க பிள்ளைகுட்டியத் தூக்கிட்டு கடலுக்குள்ள நிக்கிற பாறைல ஏறி உக்காந்துட்டாங்க. குமரிக்குப் போனவங்களுக்குத் தெரியும், அந்தப் பாறைல நிழல்னு ஒரு சாண் கிடையாது. சோறும் இல்ல, தண்ணியும் இல்ல, ஆளு செத்துருக்கு. மணப்பாட்டுல இருந்த சவேரியார் 20 தோணில அரிசியும் தண்ணியும் ஏத்திட்டுப் புறப்பட்டாரு. அந்தக் காலத்துல தூத்துக்குடில இருந்த போர்த்துகீசிய கேப்டன் கோஸ்மே த பைவாவுக்கு குதிரை வித்துக் காசு பாக்குறதுலதான் கண்ணு, சவேரியாரே கடிதத்துல அந்தாளப் பத்திக் கொதிச்சு எழுதியிருக்காரு. அடுத்த வருசம் 1545ல இன்னொரு கடிதத்துல, இந்தியாவுல இருக்குற நம்ம ஆளுங்க "பறிச்சுக்கோ"ங்கிற வினைச்சொல்ல எத்தன விதமா வளைக்கணுமோ அத்தன விதமா வளைக்காங்கன்னு எழுதுனாரு.

அப்ப பாருங்க, பாதுகாப்புங்கிற சரக்கு ஏழே வருசத்துல கெட்டுப்போச்சு. வியாபாரம்னா அங்கேயே கணக்க முடிச்சுட்டு வேற கடைக்குப் போயிருக்கணும்ல? போகல.

பிப்ரவரி 4, காலை 7.05

செருப்புக் காசு. இது எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல, அதனால சொல்லிடுதேன். பரதவர்கிட்ட வாங்குன வரில வருசத்துக்கு 4,000 பணம் (அன்னைக்கு ஓடுன சின்ன நாணயம்) தனியா எடுத்து போர்த்துகல் ராணி கத்தரீனாவோட செருப்புச் செலவுன்னு எழுதுனாங்க. கடலுக்கு அடியில மூச்ச அடக்கி எடுத்த சிப்பில இருந்து லிஸ்பன்ல ஒரு அம்மாவுக்குச் செருப்பு! சவேரியார் ராணிக்கே எழுதிக் கேட்டாரு, அந்தக் காச இங்க பிள்ளைங்களுக்கு மந்திரம் சொல்லிக்குடுக்குறவங்களுக்குச் சம்பளமா விட்டுக்குடுங்க, நீங்க மோட்சத்துக்கு ஏறிப் போக இந்தப் பிள்ளைங்களவிட நல்ல செருப்பு கிடைக்காதுன்னு. காசு கிடைச்சுது. அதுலதான் ஊருக்கு ஊரு கணக்கப்பிள்ளைங்கள வச்சாங்க, அவங்கதான் பிள்ளைங்களுக்குச் செபம் சொல்லிக்குடுத்து கோயில நடத்துனது.

இந்தக் கணக்கப்பிள்ளைங்க பேரு எங்கேயும் இல்ல. பாதிரிமாரு பேருதான் இருக்கு. எனக்கு அது ரொம்ப வருத்தம்.

பிப்ரவரி 5, இரவு 9.30

"சவேரியார் தமிழ் படிச்சாரா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. தட்டுத்தடுமாறித்தான். ரெண்டு மொழியும் கொஞ்சம் தெரிஞ்ச ஆளுங்கள உக்கார வச்சு விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை எல்லாத்தையும் தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணிட்டு, கையில மணிய அடிச்சுகிட்டுத் தெருத்தெருவாப் போயி பிள்ளைங்களக் கூட்டி சொல்லிக்குடுத்தாரு. பெரியவங்களுக்கு வீட்டுல பிள்ளைங்கதான் சொல்லிக்குடுத்தது.

அதுல ஒரு தப்பு நடந்துச்சு, என்னைய ரொம்ப நாளா விடாமப் பிடிச்சு வச்சிருக்கது அதுதான். விசுவாச மந்திரத்துல "நான் விசுவசிக்கிறேன்"னு வரவேண்டிய இடத்துல "எனக்கு வேணும்"னு போட்டுட்டாங்க. சர்வத்தையும் படச்ச ஆண்டவர விசுவசிக்கிறேன்னு சொல்ற இடத்துல, அவரு எனக்கு வேணும். ஒரு வருசத்துக்கு மேல கரை முழுக்க இப்படித்தான் சொல்லிட்டு இருந்திருக்காங்க. 1544ல சவேரியார் தன்கூட வேலை பாத்த மான்சில்யாஸுக்கு எழுதுதாரு, "வேணும்"னு சொல்லாதீங்க, அதுக்கு ஆசைப்படுறேன்னு அர்த்தமாம், "விசுவசிக்கிறேன்"னு மாத்துங்கன்னு.

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஒரு வார்த்தைல இருக்குன்னு எனக்குத் தோணுது. 1537ல அவங்க நிலைமை "எனக்கு வேணும்"தான். பாதுகாப்பு வேணும், பார் வேணும், ஒரு ராஜா வேணும். அது எப்ப "விசுவசிக்கிறேன்" ஆச்சுங்கிறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

பிப்ரவரி 8, மாலை 6.15

குளிக்கிறதப் பத்தி எழுதச் சொல்லி மூணு பேரு கேட்டுட்டாங்க. தூத்துக்குடில கடைசியா முத்துக்குளி நடந்தது 1961. எங்க தாத்தா அந்தச் சமயத்துல தோணிக்குப் போனவரு. அவரு வாயால கேட்டதத்தான் எழுதுதேன்.

மாசி பங்குனி சித்திரைல, ரெண்டு காத்துக்கும் நடுவுல கடல் கண்ணாடி மாதிரி கிடக்குற நாளுலதான் குளி. நடுச்சாமத்துல கரைக்காத்து எடுக்கும்போது பாய் விரிச்சா விடியும்போது பார் மேல நிக்கலாம். ஒரு கல்லு, நடுவுல ஓட்டை, அதுல கயிறு. கால ஒரு வளையத்துல மாட்டி, கழுத்துல வலைப்பையத் தொங்க விட்டு, மூக்கப் பொத்தி, மேல இருக்குறவன் கயித்த விட்டான்னா கல்லோட சேந்து சர்ருன்னு அடி மண்ணுக்கு. கீழ போன உடனே கல்ல உதறணும், மேல இருக்குறவன் அத இழுத்துக்குவான். கையால துழாவித் துழாவி சிப்பியப் பிடுங்கிப் பைல போடணும். ஒரு நிமிசம், ரொம்பக் கெட்டிக்காரன்னா அதுக்கு மேல கொஞ்சம். கயித்த ஒரு வெட்டு வெட்டுனா மேல தூக்கிருவாங்க. மேல இருக்குறவன் யாருங்கிறது முக்கியம், "மச்சினனத்தான் வைக்கணும், அக்கா தாலி அறுக்க எவனும் நினைக்க மாட்டான்"னு தாத்தா சொல்லுவாரு. இத நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம், நாளெல்லாம். காதுல ரத்தம் வர்றது சாதாரணம், தாத்தாவுக்குக் கடைசி காலத்துல இடது காது சுத்தமாக் கேக்காது.

கரைக்கு வந்த சிப்பிய வேலி அடச்ச கொட்டுல குவிச்சு அழுக விடணும். சதை அழுகி ஈ மொச்சு புழு தின்னு தீத்தப்புறம் கடல்தண்ணில அலசி அலசி அடியில தங்குற மண்ணுல முத்தப் பொறுக்கணும். அந்த நாத்தம் தலைமுடில ஏறிட்டா மாசக்கணக்குல போகாதாம். லிஸ்பன்லயும் மதுரைலயும் கழுத்துல தொங்குன முத்து எல்லாம் அந்த அழுகுன தண்ணில இருந்து வந்ததுதான்.

சுறாவுக்கு வாய் கட்ட கடல்கட்டின்னு மந்திரக்காரங்க இருந்தாங்க. 1290கள்ல மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தப்பவே மீனுக்கு மந்திரம் போடுறவங்களுக்கு இருபதுல ஒரு பங்கு குடுத்தாங்கன்னு எழுதியிருக்காரு. போர்த்துகீசியர் போயி, டச்சுக்காரர் போயி, இங்கிலீஷ்காரர் ஆண்ட 19ஆம் நூற்றாண்டுலயும் கடல்கட்டி கரைல நிக்கலன்னா ஒருத்தனும் குளிக்க மாட்டான், சர்க்காரே அதுக்குப் பணம் குடுத்து ஆள் வச்சுச்சு. கழுத்துல செபமாலை, கரைல கடல்கட்டி. பாதிரிமாரு திட்டிப் பாத்திருப்பாங்க, ஆனா பத்து பாகம் தண்ணிக்கு அடியில இறங்குறவன் ரெண்டையும்தான் வச்சுக்குவான். இத வச்சு அவன் விசுவாசம் பொய்யின்னு சொல்ல என்னால முடியாது.

பிப்ரவரி 8, இரவு 11.40

சவேரியாருக்கு நான் ரொம்ப இடம் குடுத்துட்டேன்னு தோணுது. அவரு கரைல தங்கி வேலை பாத்தது ரெண்டு வருசத்துக்குப் பக்கம்தான், அப்புறம் மலாக்கா, ஜப்பான்னு போயிட்டாரு, 1552ல சீனக் கரைல செத்தாரு. ரெண்டு வருசத்துல நட்டது தானா முளைக்காது. இருந்து தண்ணி ஊத்துன ஆளு வேற.

பிப்ரவரி 10, இரவு 10.20

அந்த ஆளு அன்றிக்கே என்றிக்கசு. நாங்க அன்றிக்கே அடிகளார்னு சொல்லுவோம். இவரோட முன்னோர் யூதருங்க, அந்த ஒரே காரணத்துக்காகப் போர்த்துகல்ல பிரான்சிஸ்கன் சபைல இருந்து வெளியேத்திட்டாங்க, ரத்தம் சுத்தம் இல்லன்னு. அப்புறம் சேசு சபைல சேந்து 1540கள் கடைசில இந்தக் கரைக்கு வந்தாரு, 1600ல சாகுற வரைக்கும் இங்கேயேதான். அரை நூற்றாண்டு! பிறப்ப வச்சு ஒதுக்கப்பட்ட ஒருத்தரு, சொந்த ஊருலயே கீழாப் பாக்கப்பட்ட சனங்களுக்கு நடுவுல வந்து அவங்க பாசைய ஒழுங்காப் படிச்சு இலக்கணம் எழுதுனாரு. எனக்கு சவேரியாரவிட இவரு மேலதான் பிரியம் ஜாஸ்தி.

1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்துல இவரு தமிழாக்குன தம்பிரான் வணக்கம்ங்கிற வேத உபதேசப் புத்தகம் அச்சாச்சு. பதினாறே பக்கம். தமிழ்ல அச்சடிச்ச முதல் புத்தகம். அச்சுக்குப் பணம் போட்டது கரைல இருந்த பரதவருங்க.

தலைப்பக் கவனிங்க. கடவுளுக்குத் தம்பிரான்னு பேரு. இது இங்க ஏற்கெனவே புழக்கத்துல இருந்த வார்த்தை. அதே மாதிரி கோயில், பூசை, தேர், கொடியேத்து எல்லாம் நம்ம வார்த்தை. ஆனா சிலுவைக்குக் குருசு, சாமியாருக்குப் பாதிரின்னு அவங்க வார்த்தையும் வந்து உக்காந்துச்சு. நாங்க இன்னைக்கும் சர்ச்சுக்குப் போறேன்னு வீட்டுல சொல்ல மாட்டோம், கோயிலுக்குப் போறேன்னுதான் சொல்லுவோம்.

பிப்ரவரி 11, காலை 6.50

திருத்தம். நேத்து "தமிழ்ல அச்சடிச்ச முதல் புத்தகம்"னு எழுதுனேன். தமிழ் எழுத்துல அச்சடிச்ச முதல் புத்தகம்னு இருக்கணும். 1554லயே லிஸ்பன்ல ஒரு செபப் புத்தகம் அச்சாச்சு, தமிழ் வார்த்தைங்கள ரோமன் எழுத்துல போட்டு. அந்த வேலைய அங்க உக்காந்து செஞ்சது வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ்னு நம்ம பக்கத்துல இருந்து கப்பலேறிப் போன மூணு பேரு. ஞானஸ்நானம் நடந்து இருபது வருசம்கூட ஆகல, அதுக்குள்ள லிஸ்பன்ல உக்காந்து தாய்பாசைல புத்தகம் போடுதாங்க. கணக்கப்பிள்ளைங்க பேரு இல்லன்னு வருத்தப்பட்டேன்ல, இந்த மூணு பேரு பேராச்சும் தங்கிருச்சு.

காயல்பட்டினம் நண்பர் உடனே அடுத்த மெசேஜ் அனுப்பிட்டாரு: "எங்காளுங்க தமிழ அரபு எழுத்துல எழுதுனத ஏன் சொல்லல?" சொல்லிடுதேன். அர்வி, அரபுத்தமிழ். நோம்பு, தொழுகைன்னு நம்ம வார்த்தையாத்தான் அங்கேயும் வச்சுகிட்டாங்க. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுனதுக்கு ஆதரவு குடுத்தது கீழக்கரை பெரியதம்பி மரைக்காயர், ஊரு உலகத்துக்கு சீதக்காதி. செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சொல்ற அதே ஆளு, 17ஆம் நூற்றாண்டு கடைசில டச்சுக் கம்பெனிகூட கொடுக்கல் வாங்கல் வச்சிருந்த பெரிய கப்பல் வியாபாரி. கடல்காசுதான் அங்க காப்பியமாச்சு, இங்க அச்சுப் புத்தகமாச்சு.

பிப்ரவரி 14, இரவு 8.00

போர்த்துகீசியத்துல இருந்து தமிழுக்கு வந்த வார்த்தைங்களக் கேட்டவங்களுக்காக. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, ஆயா எல்லாம் போர்த்துகீசியம்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஒன்னு ஏலம், சிப்பிய ஏலம் போட்டாங்க, வார்த்தை இங்கேயே தங்கிருச்சு. ரெண்டு கடுதாசி. போர்த்துகீசியர்கிட்ட பாஸ் வாங்காம யாரும் கடல்ல சரக்குக் கப்பல் விடக்கூடாது, அந்தப் பாஸுக்குப் பேரு கர்த்தாஸ். அது இல்லாமப் போனா கப்பலப் பிடிச்சுருவான். அந்த மிரட்டல் காகிதம்தான் நம்ம வாயில கடுதாசியாச்சு. அந்த கர்த்தாஸே அரபில காகிதத்துக்குச் சொல்ற கிர்த்தாஸ்ல இருந்து போர்த்துகீசியத்துக்குப் போனது. எங்க பாட்டி "மகன்கிட்ட இருந்து கடுதாசி வந்துருக்கா"ன்னு தபால்காரர ஆசையாக் கேக்கும்.

எங்க ஊரு இனிப்பு மக்ரூன் பத்தியும் கேட்டிருந்தாங்க. முட்டை வெள்ளக்கரு, சீனி, பொடிச்ச அண்டிப்பருப்பு (முந்திரி), வேற ஒன்னும் கிடையாது. வெள்ளக்கருவ அடிக்க அடிக்க பாத்திரத்தக் கவுத்தாலும் விழாத பதத்துக்கு வரணும், அப்புறம் பருப்பப் போட்டு மெதுவாப் புரட்டி, காகிதக் கூம்புல வச்சுத் தட்டுல கோபுரம் கோபுரமாப் பிழிஞ்சு, சூடு ஆறிப்போன அடுப்புல ராத்திரி முழுக்க விட்டுறணும். வாயில போட்டா ஒரு நொறுக்கு, அப்புறம் கரைஞ்சுரும். ஐரோப்பாவுல பாதாம்பருப்புல செய்யுறத இங்க அண்டிப்பருப்புல செய்யுதோம். அண்டி மரமே பிரேசில்ல இருந்து போர்த்துகீசியர் கொண்டாந்தது. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சாமான்தான். மிளகாய் இல்லாத மீன்குழம்ப எங்க பூட்டனுக்குப் பூட்டன் சாப்பிட்டிருக்கான், மிளகு போட்டு.

பிப்ரவரி 17, இரவு 11.55

நான் இத்தன நாளா வர நினைச்ச இடத்துக்கு இப்பத்தான் வாரேன். 1658.

அந்த வருசம் டச்சுக்காரன் தூத்துக்குடியப் பிடிச்சான், அடுத்து மன்னார், அடுத்து யாழ்ப்பாணம். போர்த்துகீசியன் கதை இந்தக் கடல்ல முடிஞ்சுது. டச்சுக்காரன் புராட்டஸ்டன்ட், கால்வின் சபை, மாதா சுரூபத்தையே (சிலையத்தான் சுரூபம்னு சொல்லுவோம்) விக்கிரகம்னு சொல்றவன். பாதிரிமார விரட்டுனான், கோயிலுங்கள எடுத்துகிட்டான். பால்டேயுஸ்னு அவங்க பெரிய போதகர் தூத்துக்குடிக்கே வந்து இவங்கள மாத்தப் பாத்தாரு.

தம்பி சொல்ற கணக்குப்படி என்ன நடந்திருக்கணும்? பார் இப்ப டச்சுக்காரன் கையில. கடல் டச்சுக்காரன் கையில. சிப்பிக்கு அனுமதி குடுக்குறவன் அவன். 1535ல செஞ்ச அதே கணக்க இப்பவும் போட்டா, பட்டங்கட்டிங்க ஒரு தோணி பிடிச்சு கொழும்புக்கோ நாகப்பட்டினத்துக்கோ போயி "உங்க வேதத்துல சேந்துக்கிடுதோம்"னு சொல்லியிருக்கணும். கத்தோலிக்கராவே இருந்தா நஷ்டம்தான்.

மாறல. டச்சுப் போதகர் பேச்சக் கேக்க ஆள் வரல. கோயில எடுத்துகிட்டா ஊருக்கு வெளிய ஓலைக் கொட்டகைல பூசை. பாதிரி உள்நாட்டுல மறைஞ்சு இருந்தா அங்க நடந்து போயி பிள்ளைக்கு ஞானஸ்நானம். பட்டங்கட்டிங்களுக்கெல்லாம் மேல இருந்த பரதவர் சாதித்தலைவரு நடுவுல நின்னாரு, அவரு சொல்லாம ஒரு ஆளு குளிக்க இறங்க மாட்டான், அதனால டச்சுக்காரனுக்கும் அவரு வேணும். கடைசில இறங்கி வந்தது கம்பெனிதான். 1712ல டச்சுக்காரன் ஆண்டுட்டு இருந்த அதே ஊருல பனிமய மாதாவுக்குப் புதுக் கோயில் கட்ட அஸ்திவாரம் போட்டாங்க, அடுத்த வருசம் ஆகஸ்ட் 5ல திறந்தாச்சு. டச்சுக்காரன் தனக்குன்னு கட்டுன கோயில் 1750ல, அதுவும் ஊருல இன்னைக்கும் நிக்குது, சின்னது.

ஆக 1537ல ஒப்பந்தமா இருந்தது 1658ல ஒப்பந்தமா இல்ல. நடுவுல நூத்தி இருபது வருசம், நாலஞ்சு தலைமுறை. பரங்கிக்காரன் பேர ஞானப்பெற்றோர் பேருன்னு வாங்கி வச்சுகிட்ட பெர்னாண்டோவும் மச்சாதோவும் கோமஸும் அந்தப் பரங்கிக்காரன் கப்பலேறிப் போனப்புறமும் அதே பேரோட இருந்தாங்க. மணி அடிச்சுக் கூட்டுன பிள்ளைங்க பாட்டன் பாட்டியாகி, அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு அதே மந்திரத்தச் சொல்லிக்குடுத்து, செத்தவங்கள அந்த மணல்லயே புதைச்சாச்சு. அதுக்கப்புறம் எவன் வந்து மாறச் சொன்னாலும் எப்படி மாறுவாங்க?

பிப்ரவரி 18, மதியம் 2.10

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, சாதித்தலைவர் கையில இருந்த அதிகாரம் போயிடக்கூடாதுன்னுதான் கத்தோலிக்கத்தப் பிடிச்சுகிட்டாங்களோ, இதுவும் கணக்குதானோன்னு. கணக்கும் உண்டு. மாதா தேருக்கு முன்னால யாரு நிக்கிறது, யாருக்கு முதல் மரியாதைங்கிறது எல்லாம் அதிகாரம்தான். 1806ல முதல் தங்கத்தேர் ஓடுனதும் சாதித்தலைவர் செஞ்சு குடுத்துதான். தேர்னா என்ன, வடம் பிடிச்சு ஊரே இழுக்குறது, அத ரோம்ல இருந்தா கொண்டாந்தாங்க? திருச்செந்தூர்ல பாத்ததுதான். ஆனா கயித்த இழுக்குறவனுக்கு சாதித்தலைவர் அதிகாரத்துல பங்கு கிடையாது, அவனும் இழுத்தான். நேத்து எழுதும்போது இந்த ரெண்டையும் நான் ஒன்னாப் போட்டுக் குழப்பிட்டேன், தலைவர் ஏன் மாறலங்கிறது வேற, குளிக்கிறவனும் அவன் பொண்டாட்டியும் ஏன் மாறலங்கிறது வேற.

மாதா சுரூபம் பத்தி: 1555ல மணிலால இருந்து வந்துச்சுன்னு ஊருல சொல்லுவாங்க. ஸ்பெயின்காரன் மணிலாவப் பிடிச்சதே 1571ல. வருசம் ஒத்துவரல. நான் இத எங்க ஊருல வாய்விட்டுச் சொன்னப்ப ஒரு பெரியவர் என்கூட ரெண்டு மாசம் பேசல. இருந்தாலும் எழுதுதேன்.

பிப்ரவரி 18, மதியம் 2.40

சங்கு விட்டுப்போச்சு. முத்து பல வருசம் இருக்கவே இருக்காது, பார்ல சிப்பி காணாமப் போயிரும். வருசா வருசம் சோறு போட்டது சங்கு. கத்தோலிக்கரும் கீழக்கரை முஸ்லிமும் குளிச்சு எடுக்குற சங்கு கப்பலேறி வங்காளம் போகும், டாக்கால அறுத்து வளையலாக்குவாங்க, அங்க இந்துப் பொண்ணுங்க கல்யாணத்துக்கு அந்த வளையல் இல்லாம முடியாது, நம்ம ஊருத் தாலி மாதிரி. டச்சுக் கம்பெனியும் இதுல நல்லாச் சம்பாதிச்சுது. எடுத்தவனுக்குப் போட்டவ தெரியாது.

பிப்ரவரி 23, இரவு 10.05

"எனக்கு வேணும்" பத்தி நான் 5ஆம் தேதி எழுதுனதத் திரும்பப் படிச்சேன். அழகா இருக்குன்னு கொஞ்சம் இழுத்துட்டேன். அது மொழிபெயர்க்க உக்காந்த ஆளோட தப்பு, சனங்க மனசுல இருந்தது அதுதான்னு சொல்ல அது சாட்சி ஆகாது. அத ஆதாரமா எடுத்துக்காதீங்க, 1544ல பாறைல உக்காந்ததையும் 1658ல மாறாததையும் எடுத்துக்கோங்க.

ஆனா அந்த நினைப்புலயே நேத்து பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்களுக்கு 84 வயசு. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மத்தவங்க "அருள் நிறைந்த மரியே"ன்னு சொல்ல, அவங்க மட்டும் பழைய மாதிரி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க"ன்னு ஒரே மூச்சுல, வாய் அசையுறதே தெரியாம. முடிஞ்சதும் பக்கத்துல போயி, பிரியதத்தம்னா என்ன பெரியம்மான்னு கேட்டேன். "எங்கம்மா சொல்லிக்குடுத்தது ராசா. அந்தச் செம்ப எடு, காப்பி ஆறிரும்"னு சொன்னாங்க. அந்த வார்த்தைங்க இப்ப கோயில்ல கிடையாது, மாத்தி எத்தனையோ வருசம் ஆச்சு. அவங்க வாயில இருக்கு.

பிப்ரவரி 24, காலை 6.30

ஞாயித்துக்கிழமை காலப்பூசை முடிஞ்சதும் காயல்பட்டினம் நண்பரும் நானும் புன்னைக்காயல் போறோம். அன்றிக்கே அடிகளார் வருசக்கணக்கா வேலை பாத்த ஊரு, தாமிரபரணி கடல்ல விழுற இடம். அவரு வண்டி கொண்டாறாரு. நோம்புக் கஞ்சி எப்படி வைக்கிறதுன்னு அவங்க வீட்டுல ஒரு தனிப் பக்குவம் இருக்கு, வர்ற வழியில அதையும் கேட்டு எழுதிட்டு வாரேன்.